தம்பிக்கு எந்த போன்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

உங்க சைட்ட ஒரு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவ. என் தம்பிக்கு 19 வயசு. போன வருஷம் ரெண்டு கண்ணும் போயிடுச்சு, இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முன்னெல்லாம் எந்நேரமும் போன்ல கேம்தான், இப்ப போன தொடவே மாட்டேங்குறான். பழைய போன்ல, ஸ்கிரீன்ல இருக்கறத படிச்சுச் சொல்ற டாக்பேக்க நானே ஆன் பண்ணிக் குடுத்தேன், 'என்னது இது கத்திட்டே இருக்கு'ன்னு தூக்கிப் போட்டுட்டான். வீட்டுல அவன உக்கார வச்சு பல்லாங்குழி ஆடுறோம், நானும் அம்மாவும் வேணும்னே தோத்துப் போறோம், அப்பவும் பாதியில எழுந்து போயிடறான். ஈஎம்ஐ போட்டு ஐபோன் வாங்கித் தரலாமான்னு யோசிக்கிறேன், கண்ணு தெரியாதவங்களுக்கு அதான் நல்லதுன்னு பேசிக்கறாங்க. சித்தப்பா என்னடான்னா, 'மொத இந்த கேமத் தலைமுழுகச் சொல்லு, பேங்க் ஆப்பு, படிக்கிற ஆப்பு இதெல்லாம் பழகட்டும்'ங்கறார். நீங்க சொல்லுங்க. பேரு போட வேணாம்ணா.

ஒரு அக்கா, நாமக்கல் பக்கம்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த ஒரு விஷயத்துல சித்தப்பா பேச்சக் கேக்காதீங்க. அவன் கேம்லேர்ந்தே ஆரம்பிக்கட்டும்.

மொத பல்லாங்குழி. அது கண்ணு தெரியாத எங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு ஆட்டம், 14 குழி, விரல விட்டா எத்தன முத்து கெடக்குன்னு தெரியும், எதிராளி அள்ளிப் போடுற சத்தத்துலயே பாதி கணக்கு வந்துரும். அதுல ஒருத்தர் வேணும்னே தோக்குறத கண்டுபிடிக்க கண்ணு வேணாம்மா. அவன் ஆட்டத்த விட்டு எழுந்து போகல, நீங்க ரெண்டு பேரும் பரிதாபப்படுறத விட்டு எழுந்து போறான். எனக்கு 24 வயசுல கண்ணு போனப்ப எங்க வீட்டுலயும் இதேதான், கேரம் போர்ட பரண்ல ஏத்தி ஒளிச்சே வச்சுட்டாங்க.

போன் கதைக்கு வர்றேன். அப்ப என் கையில இருந்தது பட்டன் வச்ச நோக்கியா, டாக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டா அது பேசும், 5-ம் நம்பர் பட்டன்ல சின்னதா ஒரு மேடு இருக்கும், அத தடவி மத்ததெல்லாம் புடிச்சுக்கலாம். டச் போன் வந்தப்ப நெஜமாவே பயந்தேன், மொத்தமும் வழுவழு கண்ணாடி, எங்க வச்சு எதத் தடவுறது? அந்தக் கேள்விக்கு கூகுள்ல டி.வி. ராமன் ஒரு பதில் வச்சிருந்தார். புனேல வளர்ந்தவர், 14 வயசுல பார்வை போனவர். ஆண்ட்ராய்டுக்கு அவங்க செஞ்ச, நம்பர் போடுற டயலர்ல விரல எங்க வச்சாலும் அதுதான் 5, அங்கேர்ந்து மேல இடது பக்கம் இழுத்தா 1, கீழ வலது பக்கம் இழுத்தா 9. நம்ம பட்டன தேடிப் போக வேணாம், பட்டன் நம்ம விரலுக்குக் கீழ வந்துரும். இத மொதத் தடவ கேள்விப்பட்டப்ப, 'அட, இவ்ளோதானா'ன்னு சிரிச்சுட்டேன்.

2009 ஜூன்ல ஐபோன் 3ஜிஎஸ்-ல வாய்ஸ்ஓவர் வந்துச்சு, ஸ்கிரீன படிச்சுச் சொல்ற ஆப்பிளோட வசதி. அதே வருஷம் ஆண்ட்ராய்டு 1.6-ல டாக்பேக்கும் வந்துச்சு, ஆனா ஸ்கிரீன தடவித் தடவி கேக்குற வசதி அதுல 2011-ல, 4.0-லதான் வந்துச்சு. இந்த ரெண்டு வருஷ இடைவெளியில எங்களுக்கான கேம் எல்லாம் ஐபோன் பக்கம் போயிடுச்சு, 'ஐபோன்தான் நல்லது'ங்கற பேச்சு இன்னும் ஓடுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா உங்க தம்பி போன தூக்கிப் போட்டதும் இதோட சேர்ந்ததுதான். வாய்ஸ்ஓவர், டாக்பேக் மாதிரி ஸ்கிரீன் ரீடர் ஆன்ல இருந்தா ஒரு தட்டு தட்டுனா போன் அங்க என்ன இருக்குன்னு படிக்கும், அவ்ளோதான், தொறக்கணும்னா ரெண்டு தடவ தட்டணும். இது தெரியாதவன் கையில போன் வெறுமனே கத்தும். (கத்தினா ரெண்டு விரலால ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க, வாய மூடிக்கும், ஐபோன்லயும் அதான், இப்ப வர்ற ஆண்ட்ராய்டுலயும் அதான். மொத இதச் சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் மத்தது.) மெசேஜ் படிக்க இந்த முறை அருமை. வாள் வீசுற கேமுக்கு ஆகுமா? ஒவ்வொரு வெட்டுக்கும் ரெண்டு தட்டு தட்டிட்டிருந்தா நம்ம தல போயிருக்கும். அதனால ஐபோன்ல, 'இந்த இடத்துல விரல நேரா விட்டுரு, நடுவுல நீ பேசாத'ன்னு கேம் செய்யறவங்க வாய்ஸ்ஓவர்கிட்ட சொல்லி வச்சுரலாம். ஆண்ட்ராய்டுல இந்த மாதிரி கேம் நெறைய, டாக்பேக்க நிறுத்திட்டு வான்னு சொல்லுது, தானே பேசிக்கும். வால்யூம் பட்டன் ரெண்டையும் சேர்த்து அழுத்திப் புடிச்சா டாக்பேக் நிக்கும், திரும்பப் புடிச்சா வரும், ஆனா அந்த ஷார்ட்கட்ட முன்னாடியே செட்டிங்ஸ்ல ஆன் பண்ணி வச்சிருக்கணும். நான் வைக்கல. ஒரு நாள் நடுராத்திரி கேம் அப்படியே நின்னுபோச்சு, டாக்பேக்கும் இல்ல, போன் செங்கல் மாதிரி கையில கெடக்கு, காலைல பால்காரர் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

சரி, அவன் முன்னாடி ஆடுன கேமெல்லாம் ஏன் ஊமையாயிடுச்சுன்னு கேப்பான், கண்டிப்பா கேப்பான். சாதாரண ஆப்புல பட்டன், எழுத்துப் பெட்டி எல்லாம் போன் சிஸ்டம் குடுக்குறது, அதனால ஸ்கிரீன் ரீடருக்கு பேரு தெரியும். யூனிட்டி மாதிரி இன்ஜின்ல, அதாவது கேம் செய்யற சாஃப்ட்வேர்ல, செஞ்ச கேம் அப்படி இல்ல, மொத்தத்தையும் ஒரே படமா வரைஞ்சு காட்டிரும், சண்ட, ஸ்கோரு, மெனு எதுவா இருந்தாலும் டாக்பேக்குக்கு அது ஒரு வெத்துச் சுவரு. 2022-ல ஆப்பிள் யூனிட்டிக்குன்னு கூடச் சேர்த்துக்கற ஒரு ப்ளக்இன், யாரும் எடுத்துக்கற மாதிரி ஓபன் சோர்ஸா விட்டாங்க, அப்புறம் யூனிட்டியே 2023.2-லேர்ந்து போன் ஸ்கிரீன் ரீடர் ரெண்டுக்கும் வழி செஞ்சுது, கோடாட் இன்ஜின்லயும் 4.5-ல ஸ்கிரீன் ரீடருக்கு வழி வந்திருக்கு. ஆக இன்ஜின் மேல பழி போட்டுத் தப்பிக்கிற காலம் முடிஞ்சுது, கேம் பண்றவங்க உக்காந்து பேரு எழுதணும், அதுக்குத்தான் ஆளு வர மாட்டேங்குது. வேறென்ன சொல்ல.

எந்த போன்? கடன் வாங்கி ஐபோன் வேணாம். சத்தத்த வச்சே ஆடுற ஆடியோ கேம் ஐபோன்லதான் அதிகம், அத மறுக்கல. ஆனா அவனுக்கு இப்ப வேண்டியது விரலுக்குப் பழக்கம், அத எந்த போன்லயும் பழகலாம். தமிழும் பாக்கணும், ஐபோன் தன் குரல்ல தமிழ் படிக்க ஆரம்பிச்சதே 2022-ல ஐஓஎஸ் 16-லதான், ஆண்ட்ராய்டுல அதுக்கு முன்னாடியே நாங்க தமிழ் கேட்டுட்டிருந்தோம். கைய விட்டு நழுவி ஒடஞ்சாலும் மனசு ஒடையாத விலையில ஒரு ஆண்ட்ராய்டு வாங்குங்க, ஆரம்பத்துல நழுவும். அதுக்கு முன்னாடி மாவட்ட மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல ஸ்மார்ட்போன் திட்டத்துக்கு எழுதிக் குடுக்க முடியுமான்னு ஒரு நட போய்க் கேட்டுருங்க. ஒரு வருஷம் கழிச்சு அவனே ஐபோன் கேட்டா அப்ப பாத்துக்கலாம்.

பேங்க் ஆப்பு எங்கயும் ஓடிடாது. கேஒய்சி-க்கு, அதாவது ஆள் யாருன்னு சரிபாக்க, கேமராவப் பாத்து கண்ணச் சிமிட்டுன்னு கேக்குற ஆப்பெல்லாம் இருக்கு, அத எதுத்துப் போட்ட கேஸ்ல 2025 ஏப்ரல் 30 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட்டு, டிஜிட்டல் வசதி வாழ்றதுக்கான உரிமையில அடக்கம்னு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு. கண்ணு போயி ஒரு வருஷம் ஆன பையன மொதல்ல அந்த வாசல்லயா கொண்டுபோய் நிறுத்துவாங்க? ரெண்டு தட்டு, பக்கவாட்டுல ஒரு தள்ளு, மூணு விரல் நகர்த்தல் இதெல்லாம் பயிற்சின்னு சொல்லிக் குடுத்தா பத்து நிமிஷத்துல கை வலிக்கும். கேம்ல தோத்துட்டு 'இன்னொரு தடவ'ன்னு ஆடுறப்ப ராத்திரி ஒரு மணிக்குள்ள பழகிரும். எனக்கு அப்படித்தான் பழகுச்சு.

நான் மாட்டிக்கிட்ட முதல் கேம் பாப்பா சாங்க்ரே, 2010-ல ஐபோனுக்கு வந்தது, ஃப்ரெண்டு போன்ல ஆடுனேன். படமே கெடையாது, கும்மிருட்டு, இடது கால் வலது காலுன்னு மாத்தி மாத்தி ஸ்கிரீன்ல தட்டி நடக்கணும், அவசரப்பட்டு தட்டுனா தடுக்கி விழுவோம், எங்கயோ ஒரு பூதம் தூங்கிட்டிருக்கும், அதோட குறட்டை இடது காதுலேர்ந்து மெதுவா பின்மண்டைக்கு நகரும். கண்ணு தெரிஞ்ச என் ஃப்ரெண்டு என்ன விட ரெண்டு மடங்கு செத்தான். அன்னைக்கு எனக்கிருந்த சந்தோஷத்த எழுத வரல.

உங்க தம்பிக்கு எ பிளைண்ட் லெஜண்ட் போட்டுக் குடுங்க, 2015-ல பிரான்ஸ்காரங்க செஞ்சது, ரெண்டு போன்லயும் வந்துச்சு. கண்ணு தெரியாத வீரன், கடத்திட்டுப் போன பொண்டாட்டியத் தேடிப் போறான், மக கூடவே வழி சொல்லிட்டு வர்றா. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், கூட ஒரு நாள் உக்காந்து சொல்லிக் குடுங்க. சண்ட புடிக்கலன்னா எ டார்க் ரூம், முழுக்க எழுத்து. செஸ் தெரிஞ்சா லிசெஸ்ங்கற செஸ் சைட்டுல ஸ்கிரீன் ரீடருக்குன்னே ஒரு மோடு இருக்கு, நகர்வ டைப் பண்ணி ஆடலாம். பார்வையற்றோர் செஸ் போட்டியில, பலகையோட நீள வரிசைக்கு வச்ச எழுத்து பி, சி, டி எல்லாம் காதுல ஒண்ணு போல விழும்னு அன்னா, பெல்லா, சீசர், டேவிட்டுன்னு பேரு வச்சு நகர்வச் சொல்லுவாங்க, அதையும் சொல்லி வைங்க, ஹெக்டர் வரைக்கும் போகும்.

வயர் வச்ச இயர்போன் வாங்குங்க. ப்ளூடூத்ல சத்தம் ஒரு நொடிக்கும் கம்மியாத்தான் பிந்தி வரும், ஆனா அதுக்குள்ள எதிரி வெட்டிட்டுப் போயிருப்பான். ரெண்டு காதுலயும் மாட்டணும், எல், ஆர் மாறக்கூடாது. ஆக்ஸசபிலிட்டி செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அது ஆன்ல இருந்தா இடம் வலம் எல்லாம் ஒண்ணாக் கலந்துரும், ஆஃப் பண்ணிக் குடுங்க. நான் நாலு நாள் அது தெரியாம அந்த பிரான்ஸ்காரங்கள திட்டிட்டிருந்தேன்.