ஸ்பார்ட்டாவின் ‘குதிரை வீரர்கள்’ ஏன் நடந்து போகிறார்கள்?

கேள்வி: பழைய கிரேக்கத்தை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுதுகிறேன். ‘ஹிப்பெய்ஸ்’ என்று வந்த இடமெல்லாம் ‘குதிரை வீரர்கள்’ என்றே போட்டுவிட்டேன். இப்போது ஸ்பார்ட்டாவின் 300 ஹிப்பெய்ஸ் தரையில் நின்று சண்டை போடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த இடத்தில் ‘அரசரின் மெய்க்காவல் படை’ என்று மாற்றிவிடுங்கள். குதிரை அவர்கள் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. பொறுக்கி எடுத்த 300 பேர், காலாட்கள். கி.மு. 418இல் மாண்டினியா போரில் அரசர் ஏகிஸைச் சூழ்ந்து நின்றவர்களைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ‘ஹிப்பெய்ஸ் எனப்படும் 300 பேர்’ என்கிறார். அந்த ‘எனப்படும்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். படிக்கிறவர் குழம்பக்கூடாதே என்ற அக்கறை அதில் தெரிகிறது. கி.மு. 424இல் ஸ்பார்ட்டா 400 பேரோடு நிஜமான குதிரைப்படை திரட்டியபோது, ‘வழக்கத்துக்கு மாறாக’ என்று சேர்த்தே எழுதுகிறார்.

ஏதென்ஸில் இதே சொல்லுக்கு இரண்டு வேலை. போர்க்களத்தில் குதிரை வீரர்கள். சொத்துக் கணக்கில், ஏதென்ஸின் சட்டங்களை அமைத்த சோலோன் வகுத்த இரண்டாம் வகுப்பார், அதாவது ஆண்டுக்கு 300 மெடிம்னஸ் (தானிய அளவை) விளைச்சல் உள்ளவர்கள். சட்டம், பதவி பற்றிய பேச்சு என்றால் ‘ஹிப்பெய்ஸ் வகுப்பார்’ என்றே விடலாம்.

ஹோமரிடம் போனால் கதை வேறு. அங்கே வீரன் தேரில் வருகிறான். ‘குதிரைகளிலிருந்து தரையில் குதித்தான்’ என்று மூலத்தில் இருந்தாலும், குதித்தது தேரிலிருந்துதான். தயங்காமல் ‘தேர்’ என்று எழுதுங்கள்.

இன்னொரு வழுக்கல் ‘ஹிப்போஸ்’. குதிரை என்பது பொதுப்பொருள். ஆனால் பெண்பால் சுட்டோடு ‘ஹே ஹிப்போஸ்’ என்று ஒருமையில் வந்தால் பெண்குதிரையாகவும் இருக்கலாம், மொத்தக் குதிரைப்படையாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஆயிரம், பத்தாயிரம் என்று எண் நின்றால் படைதான். பாரசீக அரசர் ஸெர்க்ஸீஸின் படையைச் சொல்லும்போது வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இப்படித்தான் எழுதுகிறார். நமக்கு இது புதிதல்ல. ‘ஆயிரம் குதிரையோடு வந்தான்’ என்றால் மேலே இருக்கும் ஆளும் அதில் அடக்கம்தானே.

பதவிப் பெயர்கள் தொல்லை தராதவை. ஏதென்ஸில் ஹிப்பார்க்கோஸ் இருவர், குதிரைப்படைத் தளபதிகள். அவர்களுக்குக் கீழே குலத்துக்கு ஒருவராகப் பத்து ஃபிலார்க்கோஸ். ஹிப்போடாக்ஸோட்டாய் என்றால் குதிரைமேல் வில்லாளிகள். அலெக்சாந்தரின் குதிரைப்படையில் ஹெடைரோய் வந்தால் ‘தோழர் படை’ என்று எழுதலாம். குதிரை என்ற சொல்லே இல்லாத பெயர் அது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. குதிரையேறும் காட்சி இருந்தால் அங்கவடியை, அதாவது கால் வைத்து ஏறும் வளையத்தை, எடுத்துவிடுங்கள். கிரேக்கர்களிடம் அது கிடையாது. கட்டமைத்த சேணமும் கிடையாது, முதுகில் ஒரு துணி விரிப்பு, அவ்வளவுதான். குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோன் சொல்லிக்கொடுப்பது போல, வலக்கையில் கடிவாள வாரோடு பிடரிமயிரையும் சேர்த்துப் பிடித்து, உங்கள் வீரன் எம்பி ஏறட்டும்.