அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறிப் போகும்போது ரசிகர்களுக்கு உண்மையில் எப்படி இருக்கும்?

பெரிய கல்லூரியின் ரசிகருக்குக் கோபம் வரும். சின்னக் கல்லூரியின் ரசிகருக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இருக்காது. நான் இரண்டாவது வகை.

ஜெர்சி சிட்டியில் குடியிருக்கிறேன், செயின்ட் பீட்டர்ஸ் அணியின் ரசிகன். அங்கே படித்தவன் இல்லை. ஜர்னல் ஸ்கொயர் பக்கம் நம்மவர் மளிகைக் கடைகள் இருக்கும் தெருவிலிருந்து கென்னடி புலவார்டில் தெற்கே நடந்தால் அந்தக் கல்லூரி வந்துவிடும். அந்த அக்கம்பக்கத்து உறவைத் தவிர எனக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 2022 மார்ச் வரை அங்கே ஒரு கூடைப்பந்து அணி இருப்பதையே நான் கவனித்ததில்லை.

அந்த மார்ச்சில் நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் போட்டியில் நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள். 15-ஆம் இடம் என்றால் முதல் ஆட்டத்தில் அடி வாங்கிவிட்டு ஊர் திரும்ப வேண்டியவர்கள் என்று அர்த்தம். அப்படிப் போன செயின்ட் பீட்டர்ஸ், 2-ஆம் இடத்திலிருந்த கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வீழ்த்தியது. அடுத்து மர்ரி ஸ்டேட். அடுத்து பர்டூ. 15-ஆம் தர அணி ஒன்று கடைசி எட்டு வரை போனது அதுதான் முதல் முறை. மெல்லிய மீசை வைத்த டக் எடர்ட் என்ற பையன் மாற்று ஆட்டக்காரனாக இறங்கி கென்டக்கிக்கு எதிராக 20 புள்ளி எடுத்தான்; கையோடு ஒரு சிக்கன் விங்ஸ் உணவகத்தின் விளம்பர ஒப்பந்தமும் வந்துவிட்டது. அணியின் சின்னம் மயில். கூடைப்பந்தே தெரியாதவர்கள்கூட அந்த வாரங்களில் மயில் போட்ட டீஷர்ட் தேடினார்கள்.

கடைசி எட்டில் வட கரோலினா 69-49 என்று நொறுக்கி அனுப்பியது. அதில் வருத்தமே இல்லை. வருத்தம் அதற்குப் பிறகு வந்தது. அந்த வாரமே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே, தான் முன்பு ஆடிய சீட்டன் ஹாலுக்குப் பயிற்சியாளராகப் போனார். பின்னாலேயே வீரர் கே.சி. என்டெஃபோவும் அங்கே போனார். எடர்ட் பிரையன்ட் கல்லூரிக்கு. கென்டக்கிக்கு எதிராக 27 புள்ளி எடுத்த டேரில் பேங்க்ஸ் செயின்ட் போனவெஞ்சருக்கு. மாலியிலிருந்து வந்த டிராமே இரட்டையர் லா சாலுக்கு. மேத்யூ லீ மிசௌரி ஸ்டேட்டுக்கு. வாங்கிய டீஷர்ட் இரண்டு தடவை துவைப்பதற்குள் அணியே இல்லை.

யாரையும் திட்டத் தோன்றவில்லை. கோச்சே போன பிறகு பையன்கள் எதற்காக இருக்க வேண்டும்? ஆனாலும் அடுத்த நவம்பரில் அரங்கத்துக்குப் போய், தெரியாத முகங்கள் தெரிந்த உடுப்பில் ஓடுவதைப் பார்த்தபோது, கல்யாண வீடு என்று நினைத்து வேறு யார் வீட்டுக்கோ நுழைந்துவிட்டது போல இருந்தது.

இப்போது விதிகளைக் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முன்பெல்லாம் பட்டம் முடிக்காத வீரர் கல்லூரி மாறினால் புதிய இடத்தில் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அந்த ஒரு வருடம்தான் பெரிய தடுப்பு. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. அது ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். உங்கள் பெயர் ஏறிவிட்டால் எந்தக் கோச்சும் உங்களிடம் பேசலாம். 2021 ஏப்ரலில், ஒரு முறை மாறினால் உட்காராமலே ஆடலாம் என்றார்கள். அதே ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயர், படம் ஆகியவற்றை வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி போட்ட தடை உத்தரவுக்குப் பிறகு, எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்ற நிலைக்கு 2024-ல் என்சிஏஏ வந்தது. 2025-26 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு அந்த முதல் வருடம் சுமார் 2 கோடி 5 லட்சம் டாலர் வரை. அந்த 2025 வசந்தத்தில் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள்.

பிரிவு அறிவிப்புக்கென்றே ஒரு இலக்கணம் உருவாகிவிட்டது. முதலில் கடவுளுக்கு நன்றி, பிறகு அம்மாவுக்கு, கோச்சுகளுக்கு, கூட ஆடியவர்களுக்கு, "உலகத்திலேயே சிறந்த ரசிகர்களான" உங்களுக்கு. இவ்வளவு நன்றி வந்தாலே ரசிகனுக்கு வயிறு கலங்கும். கடைசிப் பத்தியில்தான் குண்டு இருக்கும். கீழே முதல் பத்து கமெண்டுகள் வாழ்த்து. பிறகு பாம்பு எமோஜிகள். ஒரு வாரம் கழித்து வேறு நிற உடுப்பில் அந்தப் பையன் சிரிக்கும் படம் வரும்போது வாழ்த்தியவர்களும் பாம்புக் கட்சிக்கு மாறியிருப்பார்கள்.

இந்தக் கோபத்தை நான் மிக அருகில் பார்த்தது மதுரைக்கார அண்ணன் ஒருவரிடம். மிச்சிகனில் எம்.எஸ். படித்தவர், வீட்டுக் கதவு முதல் காபிக் கோப்பை வரை நீலமும் மஞ்சளும்தான். 2023-ல் ஹண்டர் டிக்கின்சன் மிச்சிகனை விட்டு கான்சாஸுக்குப் போனார். ஏழடிக்கு மேல் உயரம், மூன்று வருடம் அணியின் முதுகெலும்பு. திட்டு மழை கொட்டியபோது அவர் ஒரு பாட்காஸ்டில் மறைக்காமல் பேசினார்: மிச்சிகனில் தனக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர்கூட வரவில்லை, தன்னைத் திட்டுகிறவர்கள் பத்தாயிரம் டாலர் கூடக் கிடைத்தால் இன்றைக்கே வேலையை விட்டுப் போவார்கள் என்ற பொருளில்.

நான் அண்ணனைச் சீண்டினேன். "அண்ணே, நீங்களும் ஹைக் கிடைக்குதுன்னுதானே போன வருசம் கம்பெனி மாறுனீங்க?"

"போப்பா. நான் கம்பெனி மாறுனப்ப என் பேர் போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு எவனாவது அழுதானா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வேலை என்று பார்த்தால் டிக்கின்சன் பக்கம் முழு நியாயம். ஆனால் ரசிகனிடம் யாரும் அதை வேலை என்று சொல்லி விற்கவில்லை. இவன் நம் மாணவன், நம் வளாகத்துப் பையன், நம் குடும்பம் என்று சொல்லித்தான் டிக்கெட்டும் சட்டையும் நன்கொடையும் வாங்கினார்கள். மார்ச் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்க 2016-ல் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 880 கோடி டாலர். அத்தனை பணமும் புரண்ட காலத்தில் வீரனுக்கு ஸ்காலர்ஷிப்பும் சாப்பாடும் கொஞ்சம் செலவுப் பணமும்தான். குடும்பம் என்ற பேச்சை நம்பிய இரண்டு பேர் ரசிகனும் வீரனும். வீரன் முதலில் விழித்துக்கொண்டான். ரசிகன் அதற்காக அவனைத் திட்டுகிறான், பேச்சைக் கிளப்பியவர்களை விட்டுவிட்டு. ஹாலவே போனதும், அடுத்த வருடம் பர்டூவை வீழ்த்திய 16-ஆம் தர அணியான ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தின் கோச் டோபின் ஆண்டர்சன் சில நாளிலேயே அயோனாவுக்குப் போனதும் "முன்னேற்றம்" எனப்பட்டன. இருபது வயதுப் பையன் அதையே செய்தால் "விசுவாசம் இல்லை". இது எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை.

(அண்ணனின் கதையை முடித்துவிடுகிறேன். டிக்கின்சன் போன அடுத்த பருவம் மிச்சிகன் 8 வெற்றி, 24 தோல்வி. கோச்சை நீக்கினார்கள். புதிதாக வந்த டஸ்டி மே, ஃபுளோரிடா அட்லாண்டிக்கில் தன்னிடம் ஆடிய விளாடிஸ்லாவ் கோல்டினைக் கூடவே அழைத்து வந்தார்; யேலிலிருந்து டேனி உல்ஃப் வந்தார். 2025-ல் மிச்சிகன் கடைசிப் பதினாறு வரை போனது, கான்சாஸ் முதல் சுற்றிலேயே வெளியே. அண்ணன் அன்று எனக்கு அனுப்பிய மீம்களில் ஒன்றைக்கூட இங்கே போட முடியாது. யேல் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.)

கோபமும் பாசமும் ஒரே ஆள்மேல் கலந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கேலப் லவ்வைப் பாருங்கள். எங்கள் மயில்களை அடித்து அனுப்பிய வட கரோலினாவின் ஆட்டக்காரர். அதற்கு அடுத்த ஆட்டத்தில், 2022 ஏப்ரல் 2, ஃபைனல் ஃபோர் எனப்படும் அரையிறுதியில், கரோலினாவின் பரம எதிரியான டியூக்குக்கு எதிராக 28 புள்ளி; கடைசி அரை நிமிடத்தில் அவர் தொலைவிலிருந்து போட்ட மூன்று புள்ளிப் பந்துதான் ஆட்டத்தை முடித்தது. டியூக் கோச் மைக் ஷஷெவ்ஸ்கியின் கடைசி ஆட்டமும் அதுவே. கரோலினா ரசிகர்களைப் பொறுத்தவரை அந்த ஒரு பந்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம். அடுத்த பருவத்தில் நாட்டின் முதலிடத்தில் தொடங்கிய அணி, மார்ச் போட்டிக்கே தகுதி பெறவில்லை. பழி பெரும்பாலும் லவ் தலையில் விழுந்தது: கண்ட இடத்திலிருந்து எறிகிறான், பந்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறான். அவர் போர்ட்டலுக்குப் போனபோது "போனால் போகட்டும்" என்றவர்கள் நிறைய. அரிசோனாவுக்குப் போய், அந்த நவம்பரிலேயே டியூக்கின் சொந்த அரங்கத்தில் 78-73 என்று ஜெயித்த அணியில் இருந்தார். பருவ முடிவில் பேக்-12 லீகின் சிறந்த வீரர். போகட்டும் என்றவர்கள் எல்லாம் அன்று அவரை மறுபடி "நம்ம பையன்" ஆக்கிக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் இரண்டு அணிகளும் ஒரே பிரிவில். இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் நேருக்கு நேர். ஒரே இரவில் அரிசோனா கிளெம்சனிடமும் கரோலினா அலபாமாவிடமும் தோற்றன. நல்லவேளை என்று நினைத்த கரோலினாக்காரர்கள் இருந்திருப்பார்கள். யாரை அடிக்கச் சொல்லிக் கத்துவது என்ற சிக்கல் தீர்ந்ததே.

அதே கரோலினாவில் ஆர்.ஜே. டேவிஸ் ஐந்து வருடமும் இருந்து, அந்தக் கல்லூரி வரலாற்றில் டைலர் ஹான்ஸ்ப்ரோவுக்கு அடுத்து அதிகப் புள்ளி எடுத்தவராக முடித்தார். அவர்மேல் இருக்கும் பாசம் வேறு மாதிரி. அதில் சண்டையே இல்லை.

இழப்பைப் பேசும் நாங்கள் வரவைப் பேசுவதில்லை. ஏப்ரலில் ஒருவன் போனதற்கு அழுத ரசிகன் மே மாதத்தில் போர்ட்டல் செய்திகளைத் திறந்து, எந்தச் சின்னக் கல்லூரியில் யார் வருடத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தான் என்று தேடிக்கொண்டிருப்பான். 2025 அரையிறுதியில் ஃபுளோரிடாவும் ஆபர்னும் மோதின. ஃபுளோரிடாவின் நாயகன் வால்டர் கிளேட்டன் அயோனாவில் தொடங்கியவர். ஆபர்னின் நாயகன் ஜானி புரூம் மோர்ஹெட் ஸ்டேட்டில் தொடங்கியவர். கிளேட்டன் 34 புள்ளி எடுத்தார், இரண்டு நாள் கழித்துக் கோப்பையும் வந்தது. ஃபுளோரிடாக்காரர் ஒருவரிடம் போய் அவர் வெளியாள் என்று சொல்லிப் பாருங்கள்.

ஆகவே எத்தனை வருடம் இருந்தான் என்பது மட்டும் கணக்கில்லை. மிச்சிகனில் ஓக்லண்ட் என்றொரு பல்கலைக்கழகம். 2024-ல் 14-ஆம் தர அணியாகப் போய் கென்டக்கியை 80-76 என்று வீழ்த்தியது. (கென்டக்கிக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்காதீர்கள்.) ஜாக் கோல்கி அன்று பத்து மூன்று புள்ளிப் பந்துகள் போட்டார். ஒரு படி கீழே, இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடும் ஹில்ஸ்டேல் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பருவம் ஆட வந்தவர். அந்த ஊரில் அவர் பெயர் இனி அழியாது. அதே அணியில் இருந்த ட்ரே டவுன்சென்டின் அப்பா அம்மா இருவருமே ஓக்லண்டுக்கு ஆடியவர்கள். நான்கு வருடம் அங்கே ஆடி, லீகின் சிறந்த வீரராகி, கடைசி வருடத்துக்கு அரிசோனா போனார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெற்றோர் ஆடிய கல்லூரியில் மகனின் கடைசி உள்ளூர் ஆட்டம், இரு பக்கமும் அவர்கள் நிற்க அவன் நடந்து வருவது, எல்லாம் இருந்தும் அதற்குப் பிறகு இன்னொரு ஊர், இன்னொரு சட்டை என்பதை நினைத்தால் ஏதோ இடிக்கிறது.

என்னைக் கேட்டால் உண்மையான இழப்பு அந்த இடத்தில்தான். முதல் வருடம் பந்து கையில் நிற்காத பையன், இரண்டாம் வருடம் பத்து நிமிடம் ஆடுவான், நான்காம் வருடம் அவனே அணித்தலைவன். அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் இந்த விளையாட்டின் ருசி. தொழில்முறை லீகான என்பிஏவில் அது கிடையாது. பர்டூ ரசிகர்களுக்கு இன்னும் கிடைக்கிறது. ஜாக் எடி நான்கு வருடமும் அங்கேயே இருந்தார். 16-ஆம் தர அணியிடம் தோற்று நாடே சிரித்த அடுத்த வருடம் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அதில் தோற்றும் அங்கே அவர்மேல் ஒரு குறையும் இல்லை. சின்னக் கல்லூரியில் நான்காம் வருடத்தைப் பார்க்கவே முடிவதில்லை. இரண்டாம் வருடம் ஒருவன் நன்றாக ஆடினால் கைதட்டும்போதே, இவன் அடுத்த வருடம் எங்கே என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கைத்தான் நான் வெறுக்கிறேன், பையனை இல்லை.

செயின்ட் பீட்டர்ஸ் 2024-ல் மறுபடி லீகை ஜெயித்து மார்ச் போட்டிக்குப் போனது. முற்றிலும் வேறு பையன்கள், வேறு கோச், அதே 15-ஆம் இடம். டென்னசியிடம் 83-49. நான் கடைசி நிமிடம் வரை பார்த்தேன். நீங்களும் ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இப்படி ஒரு சின்னக் கல்லூரியைப் பிடியுங்கள். சீட்டு எளிதாகக் கிடைக்கும், வீரர்களின் அம்மாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து திட்டுவது காதில் விழும். வீரர் பட்டியலை மட்டும் ஆகஸ்டுக்கு முன்னால் திறக்காதீர்கள்.