'பிரான்ஹா 2' ஜேம்ஸ் கேமரூன் எடுத்த படம்தானா?

பெயர் அவருடையது, படம் பெரும்பாலும் அவருடையது இல்லை. இதில் அவர் வெறும் 'டைட்டில் இயக்குநர்', அதாவது திரையில் பெயர் வருபவர், அவ்வளவுதான். பறக்கும் கொலைகார மீன்களைப் பற்றிய இந்த 1982 படத்துக்கு கேமரூன் முதலில் வந்தது ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் வேலைக்கு. முதல் இயக்குநர் விலகியதும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஜமைக்காவில் படப்பிடிப்பு, குழுவில் பெரும்பாலோர் இத்தாலியர்கள், ஆங்கிலம் தெரியாது. சில வாரங்களிலேயே தயாரிப்பாளர் ஒவிடியோ அசோனிடிஸ் அவரை நீக்கிவிட்டு, தானே இயக்கினார்.

பிறகு ஏன் பெயர் நின்றது? ஒப்பந்தப்படி இத்தாலியப் பெயரோடு படத்தைக் கொடுக்க முடியாது என்பது கேமரூன் தரும் விளக்கம். மாஸ்டரை அனுப்பிவிட்டு முதலாளியே தோசை வார்த்தாலும் வாசல் பலகையில் பழைய மாஸ்டர் பெயரே தொங்குமே, அதுபோல.

பிணவறையில் சடலத்தைக் கிழித்துக்கொண்டு ரப்பர் மீன் நர்ஸின் கழுத்தில் பாயும் காட்சியை அவசியம் பாருங்கள்.

'டெர்மினேட்டர்'தான் கேமரூனின் முதல் படம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இயக்குநராக அவர் பெயர் வந்த முதல் முழுநீளப் படம் 'பிரான்ஹா 2'தான்.