இலங்கை ராணுவத்தில் இருக்கும் தங்கச்சி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாமா?

போகலாம். சீருடையில் இருப்பதால் அடிப்படை உரிமை இல்லாமல் போகாது. நீங்கள் எழுதியபடி, அவள் தமிழ் என்பதற்காகத்தான் முகாமில் லீவு மறுத்து இழிவாகப் பேசினார்கள் என்றால், அது அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை தடுக்கும் பாகுபாடு.

நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்துவது ஒன்றுதான்: முகாமில் "விசாரிக்கிறோம்" என்று மூன்று கிழமையாக இழுக்கிறார்கள். அவள் வாயால்தான் சொன்னாள் போலிருக்கிறது, அதனால்தான் அசையவில்லை என்று நினைக்கிறேன். அடிப்படை உரிமை மீறலுக்காக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. முகாம் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் போய்விடும்.

1. முதலில் அவளிடம் கேளுங்கள்: எழுத்தில் கொடுத்தாளா, பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கட்டளை அதிகாரிக்கு எழுதட்டும், திகதி போட்டு.
2. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் இந்தக் கிழமையே முறைப்பாடு கொடுங்கள். தமிழில் எழுதலாம். அவளுக்கு வெளியே வர முடியாவிட்டால் அவள் சார்பில் நீங்களே கொடுக்கலாம்.

மாதத்துக்குள் அங்கே கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், 13ஆம் பிரிவு). ஆனால் முறைப்பாடு கொடுத்ததற்கான துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு சட்டத்தரணியையும் உடனே பாருங்கள்.

அப்புறம், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் எதையும் விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவளிடம் இன்றிரவே சொல்லுங்கள்.