பச்சைக் கறியில் மீன் எங்கே ஒளிந்திருக்கும்?

கேள்வி: "பெங்களூருவில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்களுடைய 35-வது கல்யாண நாளுக்கு அங்கே ஒரு தாய்லாந்து ரெஸ்டாரன்ட்டுக்கு எல்லாரையும் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். நான் சைவம், கவுச்சி வாடையே ஆகாது. கணவர் எல்லாம் சாப்பிடுவார், ஆனால் சர்க்கரை இருக்கிறது. ஏழு வயதுப் பேரனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. போன வருஷம் ஏற்காட்டில் ஒரு கஃபேயில் 'தாய் கிரீன் கறி' சாப்பிட்டோம். குருமாவில் தேங்காய்ப்பாலை ஊற்றியது மாதிரிதான் இருந்தது. இதற்கா இத்தனை விலை? பெரிய ஊரில் போய் என்ன கேட்பது, எதை விடுவது?" – வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

முதலில் உங்கள் சைவத்தைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

சேலத்துக்குத் திரும்புவதற்கு முன் நான் ஆறு வருஷம் பெங்களூருவில் ஒரு பெரிய ஹோட்டலில் தாய்லாந்து சமையல் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் இரவு கூட்டம் நெரிந்த நேரம். 'வெஜ் கிரீன் கறி' என்று ஆர்டர் வந்தது. கோழித் துண்டுக்குப் பதில் டோஃபுவும் பேபி கார்னும் போட்டு அனுப்பினார்கள். விழுது மட்டும் அதே விழுது, அதாவது காலையில் இறால் சேர்த்து அரைத்தது. சாப்பிட்ட பெரியவர் கை கழுவப் போகும்போது நின்று, "ரொம்ப நன்றாக இருந்தது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது புதியவன், வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் "இது வெஜ்ஜா?" என்ற கேள்வியை நம்பாதீர்கள். கேட்டால் பரிமாறுகிறவர் தட்டில் இருக்கும் துண்டுகளை நினைத்துக்கொண்டு "ஆமாம் மேடம்" என்பார். பொய் சொல்கிறார் என்றில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாய்லாந்துச் சமையலில் கவுச்சி துண்டில் மட்டும் இருப்பதில்லை, பாட்டிலிலும் விழுதிலும் இருக்கிறது. பாட்டிலில் இருப்பது நாம் ப்லா. நெத்திலி மாதிரிச் சிறு மீனை உப்பில் போட்டு ஒரு வருஷம்போல ஊறவிட்டு வடித்த சாறு. நாம் உப்பு போடும் இடத்தில் அவர்கள் அதைத்தான் ஊற்றுவார்கள். விழுதில் இருப்பது கபி, சின்ன இறாலை உப்போடு இடித்துப் புளிக்கவைத்து வெயிலில் காயவைத்தது. இரண்டும் பச்சையாக இருக்கும்போது கருவாட்டுக் கடை வாடை அடிக்கும். கொதித்துவிட்டால் வாடை போய் ருசி மட்டும் நிற்கும். உங்கள் மூக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கண்டுபிடிக்காது.

இங்கே ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கடைசியாகச் சேர்ப்பதை "போடாதீர்கள்" என்று சொல்லலாம். முன்கூட்டியே அரைத்தோ கலக்கியோ வைத்ததில் இருந்து எதையும் எடுக்க முடியாது. இட்லிக்கு மாவு கரைத்த பிறகு "உளுந்து இல்லாமல் ஒரு தட்டு" என்று கேட்டால் எப்படி?

நாம் ப்லா கடைசியில் சேர்வது. வதக்கல் வகைகளில் அதை விட்டுவிட்டு சோயா சாஸோ உப்போ போடச் சொல்லலாம், தயங்காமல் செய்வார்கள். வதக்கலில் சிப்பியிலிருந்து எடுக்கும் ஆயிஸ்டர் சாஸும் விழும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காளானில் செய்த சைவ ஆயிஸ்டர் சாஸ் நல்ல சமையலறைகளில் இருக்கும். ஆனால் கிரீன் கறி, ரெட் கறி எல்லாம் விழுதில் பிறப்பவை. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது: "சைவத்துக்கென்று தனியாக விழுது அரைக்கிறீர்களா? அதில் இறால் இல்லையே?" கடையில் வாங்கிய விழுது என்றால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், கறியிலும் நாம் ப்லா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் தாய்லாந்து ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பல இடங்களில் தனி விழுதே வைத்திருக்கிறார்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் கறியை விட்டுவிடுங்கள்.

சூப்பில் இன்னும் கவனம் வேண்டும். டாம் யம் குங் என்கிற சூப்பை 2024-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் 'குங்' என்றாலே இறால்தான். 'வெஜ் டாம் யம்' என்று மெனுவில் இருந்தாலும், அதில் கரைக்கும் வறுத்த மிளகாய் விழுதில் காய்ந்த இறால் இருக்கலாம், கொதிக்கிற நீர் கோழி எலும்பு வேகவைத்த நீராக இருக்கலாம். இரண்டையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு டாம் கா சூப்தான் சரி. தேங்காய்ப்பாலும் காளானும் அரத்தையும் போட்டது. கோழியும் நாம் ப்லாவும் இல்லாமல் காய்கறி நீரில் செய்யச் சொன்னால் செய்து தருவார்கள், அந்தச் சூப்புக்கு மிளகாய் விழுது கட்டாயமில்லை.

ஒருவேளை மகள் அடுத்து பாங்காக்குக்கே கூட்டிப் போனால் 'ஜே' என்ற சொல் போதும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில், பார்த்தால் 17 என்று எழுதியது போலவே இருக்கும். சீன வழிச் சைவம் அது. மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. 'மங்ஸவிரத்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. நம் காதுக்குப் பழகிய மாம்ச விரதிதான், ஊர் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதில் முட்டை இருக்கலாம்.

பேரன் விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். அதே கணக்குதான், ஆனால் இங்கே கடைசியில் சேர்ப்பதைக்கூட நம்பக் கூடாது. பாட் தாய் நூடுல்ஸில் பொடித்த வேர்க்கடலையை மேலே தூவுவார்கள். தூவாமல் தரச் சொன்னாலும், முந்தின தட்டுக்குத் தூவிய கை, அதே வாணலி, அதே கரண்டி. பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் சோம் தம் இன்னும் மோசம், அந்த உரல் நாள் முழுக்கக் கடலை இடித்த உரல். சாத்தே என்ற கம்பி வறுவலுக்குத் தரும் சாஸ் முழுக்கக் கடலை. மஸ்ஸமன் கறியில் கடலை முழுசாகவே மிதக்கும். பையனுக்கு வெறும் மல்லிகை அரிசிச் சாதமும், கழுவிய வாணலியில் தனியாக வதக்கிய காய்கறியோ கோழியோ போதும். டேபிள் சொல்லும்போதே சொல்லுங்கள், உட்கார்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மருந்து கைப்பையில் இருக்கட்டும், காரில் வேண்டாம்.

உங்கள் கணவருக்கு வருவோம். தாய்லாந்துச் சாப்பாடு காரம் என்று பேர், உள்ளே சர்க்கரை நிறைய. பனைவெல்லம் இல்லாமல் அவர்களுக்கு ஒரு சாஸும் ஆகாது. பாட் தாய்க்கு புளியும் வெல்லமும் நாம் ப்லாவும் முன்பே காய்ச்சி வைத்திருப்பார்கள், "ஸ்வீட் கம்மி" என்று சொல்லிப் பயனில்லை. (அது பாட்டி காலத்துப் பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1939-ல் சயாமைத் தாய்லாந்து என்று பெயர் மாற்றிய பிரதமர் பிபுன் சோங்க்ராமின் காலத்தில்தான் அதை நாடெங்கும் பரப்பினார்கள்.) சோம் தம் அப்படியில்லை, ஒவ்வொரு தட்டும் அப்போதே இடிப்பது. வெல்லம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கணவர் அதையும், காளானோ மீனோ போட்ட தெளிந்த சூப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். சாதம் அளவோடு. ஆரஞ்சு நிறத்தில் வரும் தாய் டீயில் கன்டென்ஸ்டு மில்க் தாராளமாக விழும், அதை உங்கள் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

காரத்துக்கும் இதே விதி. வதக்கலிலும் சோம் தம்மிலும் எத்தனை மிளகாய் என்று எண்ணிக்கையே சொல்லலாம். கறியில் காரம் விழுதிலேயே இருப்பதால் தேங்காய்ப்பால் கூட ஊற்றுவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. அவர்களுடைய சின்ன மிளகாய்க்கு அவர்கள் மொழியில் பேரே எலிப்புழுக்கை மிளகாய். நம் காந்தாரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆந்திரா மீல்ஸ் சாப்பிட்டவன் நான் என்று வீரம் பேசி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும்.

சரி, ஏற்காட்டுக் குருமா.

அதில் என்ன இல்லை என்று என்னால் சாப்பிடாமலே சொல்ல முடியும். கிரீன் கறியில் மணம் மூன்று இடத்திலிருந்து வர வேண்டும். ஒன்று பேரரத்தை. சளிக்குக் கஷாயம் வைக்கும் சித்தரத்தையின் பெரிய உறவு. செவ்வாய்ப்பேட்டையில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் காய்ந்ததாகக் கிடைக்கும், ஒரு துண்டு வாங்கி உடைத்து முகர்ந்து பாருங்கள். பச்சையாக இருக்கும்போது அதைவிடப் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது எலுமிச்சைப் புல். மூன்றாவதுதான் முக்கியம், இரண்டு இலை ஒட்டிப் பிறந்தது போன்ற கஃபிர் எலுமிச்சை இலை. வேப்பிலைக்கட்டி இடிக்க நாரத்தை இலையின் நரம்பை உருவுவோமே, அந்த நேரத்தில் கையில் ஒட்டும் வாசம் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். இவற்றோடு பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், அப்புறம் கொத்தமல்லி வேர். உழவர் சந்தையில் கட்டு வாங்கி வந்ததும் நாம் வெட்டிக் குப்பையில் போடுகிற அதே வேர். தாய்லாந்துக்காரர் பார்த்தால் மனசு கேட்காது.

இவ்வளவும் இல்லாமல், பாட்டில் விழுதைக் கொஞ்சமாகப் போட்டு, கிரீம் சேர்த்து, சோளமாவில் கெட்டிப்படுத்தினால் குருமாதான் வரும். மலை மேல் இருக்கும் சின்னக் கஃபேயைக் குறை சொல்லவில்லை, அந்த இலைகள் தினமும் கிடைப்பது லேசில்லை. அங்கே போனால் காபி குடியுங்கள், அது அந்த மண்ணில் விளைவது.

நல்ல கிரீன் கறி கெட்டியாக இருக்காது, நம் குழம்பு பதத்தில் நீர்க்க இருக்கும். கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியக் காய்ச்சி, அதிலேயே விழுதை வதக்குவதால் மேலே பச்சை எண்ணெய் மிதக்கும். கிண்ணத்தை மேஜையில் வைக்கும்போதே இலை வாசம் வர வேண்டும். வந்தால் விலை சரி.

ஆளுக்கொரு தட்டு சொல்லாதீர்கள். இந்தச் சாப்பாடு நடுவில் வைத்துப் பகிர்வதற்கானது. ஐந்து பேருக்கு இரண்டு சூப், ஒரு சாலட், ஒரு கறி, இரண்டு வதக்கல், சாதம். ஒரே கவளத்தில் புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் எல்லாம் வருவது நமக்கு ஒன்றும் புதிதில்லை, தட்டுவடை செட்டில் வளர்ந்த நாக்கு நம்முடையது. ஆனால் உங்கள் கரண்டி தனியாக இருக்கட்டும், கணவரின் மீன் சூப்பில் போய் வந்த கரண்டி உங்கள் கிண்ணத்துக்கு வரக் கூடாது. சாப்ஸ்டிக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாய்லாந்தில் சாதத்தை வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் ஃபோர்க் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். சூப்பில் மிதக்கும் அரத்தை வில்லை, புல் துண்டு, இலை இவற்றைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிடுங்கள். ஒரு தடவை எங்கள் ஹோட்டலில் ஒருவர் புல்லை ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தார்.

பில்லைப் பற்றி இரண்டு வரி. தனி ரெஸ்டாரன்ட் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற நட்சத்திர ஹோட்டலுக்குள் இருந்தால் 18. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள்.

இனிப்புக்கு மாம்பழமும் ஒட்டும் அரிசியும். கவுனி அரிசி மாதிரி பிசுபிசுப்பான வெள்ளை அரிசியை ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் கலந்து, பக்கத்தில் பழம் வைத்துத் தருவார்கள். நீங்கள் தைரியமாகச் சாப்பிடலாம். மேலே தூவும் பாசிப்பருப்பு வறுவலுக்குப் பதில் கடலை தூவியிருக்கிறார்களா என்று பேரனுக்காக மட்டும் பாருங்கள். சீசன் இல்லாத மாதமானால் ஃப்ரீசர் பழம்தான் வரும். மல்கோவா தின்ற ஊர்க்காரருக்கு அது பிடிக்காது. அப்போது டப்டிம் க்ராப் கேளுங்கள். நீர்க்கொட்டையை மரவள்ளி மாவில் புரட்டி வேகவைத்து, குளிர்ந்த தேங்காய்ப்பாலில் போட்டது. சிவப்பாக, வழவழவென்று, கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஜவ்வரிசி ஊர்க்காரருக்கு அந்த வழவழப்பு பழக்கமானதுதான்.

தேதி முடிவானதும் மகளை மதியம் மூன்று மணிக்கு மேல், ஆறு மணிக்குள் போன் செய்யச் சொல்லுங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து ராத்திரிக்குத் தயார் செய்கிற நேரம் அது. "சமையலறையில் ஒருவரிடம் பேச வேண்டும்" என்று கேட்டால் விழுது அரைக்கிற ஆளே லைனுக்கு வருவார்.