குழந்தையின் முதுகின் அடியில் வால் போலச் சதை இருந்தால் வெட்டி எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள். ஒரு மாதக் குழந்தை, விரல் நுனி அளவு தொங்குசதை, வெறும் தோல்தான் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

என் மகளுக்கு இருந்தது வால் இல்லை, பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே மெத்தென்று ஒரு கொழுப்புக் கட்டி, அதன்மேல் கொஞ்சம் பூனைமுடி. குளிப்பாட்டும்போது தினமும் கையில் படும். முதலில் பார்த்த டாக்டர் ஒன்றும் செய்யாது என்றார், விட்டுவிட்டோம். மூன்றரை வயதில் ஷூ வாங்கப் போனபோது வலது காலுக்குச் சரியாக இருந்தது இடது காலில் கழன்று விழுந்தது. பகலில் நின்றிருந்த சிறுநீர் மறுபடி ஜட்டியை நனைக்க ஆரம்பித்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன், இன்றும் மனதை அறுக்கிறது.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி உள்ளே இறங்கித் தண்டுவடத்தோடு ஒட்டியிருந்தது. தண்டுவடம் சாதாரணமாக இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் அருகே முடிந்துவிடும், இவளுக்குக் கீழே பிடித்துக் கட்டியதுபோல் இருந்ததால் வளர வளர நரம்புகள் இழுபட்டிருக்கின்றன. டெதர்ட் கார்டு என்பார்கள். தோலும் தண்டுவடமும் கருவில் ஒரே படலத்திலிருந்து வந்து பிரிபவை, அந்தப் பிரிவில் பிசகினால் வெளியே கட்டியோ முடிக்கற்றையோ சிவப்பு மச்சமோ வாலோ அடையாளமாக நின்றுவிடுகிறது.

பிளவுக்குள்ளேயே இருக்கும் சின்னக் குழிக்கு இவ்வளவு பயம் வேண்டாம், நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. ஆசனவாயிலிருந்து 2.5 செ.மீ.க்கு மேலே தள்ளி இருக்கும் குழி வேறு. அதிலிருந்து நீர் கசிந்தால் அன்றைக்கே ஓடுங்கள், அந்த வழியாக மூளைக்காய்ச்சல் வரலாம்.

உங்கள் குழந்தைக்கு ஒரு மாதம்தானே, முதல் 3 மாதத்துக்குள் முள்ளெலும்பு முழுக்க இறுகாததால் அல்ட்ராசவுண்டிலேயே ஓரளவு தெரியும். ஆனாலும் வால் என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்து, குழந்தைகளுக்கான நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பேன். என் மகளுக்கு நாலு வயதில் ஆபரேஷன் செய்து தண்டுவடத்தை விடுவித்தார்கள், சிறுநீர் கட்டுக்குள் வந்தது, பாதம் மட்டும் இன்னும் சின்னதுதான்.

போகும்போது டயாப்பரைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டு காலையும் ஒரே மாதிரி உதைக்கிறதா, சிறுநீர் பீய்ச்சி வருகிறதா, சொட்டிக்கொண்டே இருக்கிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.