எச்சிவேரியா இலையில் புள்ளி: மருந்தைத் தேடும் முன் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பெங்களூரு அல்சூரில் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் ஒரு நர்சரியில் எச்சிவேரியா, ஜேட், ஹவொர்த்தியா என்று 14 சக்குலென்ட் செடிகள் (சதைப்பற்றுள்ள இலையில் நீரைச் சேமிப்பவை) வாங்கி, அழகான பீங்கான் கிண்ணங்களோடு மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். செப்டம்பர் முதல் இலைகளில் பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் வருகின்றன. கடைக்காரர் சொன்னபடி ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளிக்கிறேன். புள்ளிக்கு, ஞாயிறுதோறும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியும், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வேப்பெண்ணெயும் என ஐந்து முறை அடித்தாகிவிட்டது. புள்ளி கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இதைவிட வீரியமான மருந்து எது? பக்கத்திலுள்ள கறிவேப்பிலைச் செடிக்கும் இது தொற்றிவிடுமா? நான்கு படங்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்: அம்மா, உங்கள் நான்கு படங்களிலும் இருப்பது ஒரே நோயன்று. அவற்றில் மூன்று, நோயே அல்ல. ஆகவே எந்த வீரியமான மருந்தும் அந்த மூன்றையும் தீர்க்காது.

ஜேட் செடியின் இலைமேல் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிவது உப்பு. அந்த இலைகளில் நீரைக் கசியவிடும் நுண்ணிய துளைகள் உண்டு. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரை ஊற்றினால், நீர் உலர்ந்தபின் உப்பு அத்துளைகளின் வாயில் படிந்துவிடும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இரண்டாவது படத்தில், எச்சிவேரியாவின் மேல் அடுக்கில், மேற்குப் பக்கத்து இலைகளில் மட்டும் வெளிறிய திட்டுகள் இருக்கின்றன. சில திட்டுகள் துளி வழிந்து இலை நுனியில் தேங்கிய வடிவத்திலேயே இருக்கின்றன. வேப்பெண்ணெய் படிந்த இலையில் பிற்பகல் வெயில் பட்டதால் வந்த கருகல் அது. எச்சிவேரியா இலையை மூடியிருக்கும் சாம்பல் நிற மெழுகுப் பூச்சுதான் வெயிலையும் ஈரத்தையும் தடுக்கும் அதன் கவசம். எண்ணெயும் பாத்திரத் திரவமும் அதைக் கரைத்துவிடுகின்றன. முதிர்ந்த இலையில் அது மீண்டும் வளர்வதில்லை. மூன்றாவது படத்தில், இலையின் அடிப்புறத்தில் சொரசொரப்பான, தக்கை போன்ற பழுப்புத் தழும்புகள் இருக்கின்றன. அவை நீர்க்கொப்புளம் வெடித்து ஆறிய வடுக்கள்.

நான்காவது படம் மட்டுமே உண்மையான நோய். கீழ் இலையில் உள்வாங்கிய வட்டம், அதன் ஓரத்தில் ஊறிய நிறம், நடுவில் வளையத்துக்குள் வளையம். இது பெரும்பாலும் ஆந்த்ராக்னோஸ் வகைப் பூஞ்சாணமாக இருக்கும். அந்தச் செடியை இன்றே தனியே எடுத்துவையுங்கள். புள்ளியின் விளிம்புக்கு அருகில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஏழு நாள் கழித்துப் பாருங்கள்: புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. கருகலும் தக்கைத் தழும்பும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. மருந்துக்கடைக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய சோதனை இது. இலை அழுகி, தொட்டால் குழைந்து, நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். அதற்கு கார்பென்டாசிம் ஒன்றும் செய்யாது.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். அந்தப் பீங்கான் கிண்ணங்களின் அடியில் துளை இருக்கிறதா? உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது?

ஒரு செடியை மெல்லக் கவிழ்த்து வெளியே எடுங்கள். நர்சரிச் செடி என்றால், உள்ளங்கையில் அடங்கும் அளவில், காப்பிப்பொடி நிறத்தில், பஞ்சுபோன்ற ஒரு கட்டி வேரோடு ஒட்டிக்கொண்டு வரும்; பல நேரங்களில் அதைச் சுற்றி மெல்லிய வலைப்பை ஒன்றும் இருக்கும். அதுதான் கோகோபீட், அதாவது தென்னை நார்க்கழிவு. எடை குறைவு, விலை குறைவு, லாரியில் ஏற்றி அனுப்ப வசதி. கூரை போட்ட பண்ணையில் அளந்து நீர் விடுகிறவர்களுக்கு அது நல்ல ஊடகம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் வீட்டுத் தொட்டியில் அது இரண்டு விதமாகவும் கெடுக்கிறது. நனைந்தால் நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முழுக்கக் காய்ந்துவிட்டாலோ சுருங்கித் தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகி, ஊற்றும் நீரையெல்லாம் பக்கவாட்டில் ஓடவிட்டு, நடுவேரைப் பட்டினி போடுகிறது. வெளியே நீங்கள் எவ்வளவு நல்ல மண் போட்டாலும், நடுவிலுள்ள அந்தக் கட்டி தன் ஈரத்தோடுதான் இருக்கும்.

பெரும்பாலான சக்குலென்ட் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும். திறந்த துளை வழியாகக்கூட அப்போது நீர் அதிகம் வெளியேறாது. கீழே வேரோ, நனைந்த கட்டியிலிருந்து விடாமல் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. போக வழியில்லாத நீர் இலையின் செல்களை வெடிக்க வைக்கிறது. மூன்றாவது படத்தின் தக்கைத் தழும்பு அப்படி வந்ததுதான். இலைமேல் நீங்கள் தெளித்த நீரோ, இலையடுக்கின் நடுவில் தேங்கிப் பூஞ்சாண வித்து முளைக்கத் தேவையான ஈரத்தைக் கொடுத்துவிட்டது. நான்காவது படத்துக்கு வழி விட்டது அந்த ஸ்பிரே பாட்டில்தான்.

அதனால், சக்குலென்டுக்கு நீர் தெளிக்கச் சொல்கிற கடைக்காரர் அந்தச் செடியை அறியாதவர் என்றே சொல்வேன். துளையில்லாத கிண்ணத்தில் நட்டு, மேலே கூழாங்கல்லைப் பசையால் ஒட்டி விற்கிறவரோ, அந்தச் செடி சாகும் என்று தெரிந்தே விற்கிறார். ‘சக்குலென்ட் மண்’ என்று பையில் அடைத்து வருவதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள்; முக்கால் பங்கு கோகோபீட்டாக இருந்தால் வாங்காதீர்கள். எந்தப் புள்ளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கார்பென்டாசிம் தருகிறவரின் பேச்சையும் விட்டுவிடுங்கள். வாரந்தோறும் ஒரே மருந்தை அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும். பிறகு உண்மையான நோய் வரும்போது அந்த மருந்து கைகொடுக்காது.

செய்ய வேண்டியது இது. மழை விட்ட ஒரு நாளில் 14 செடிகளையும் எடுத்து, வலைப்பையைக் கத்தரித்து, கோகோபீட்டை விரலாலும் பழைய பல் துலக்கியாலும் வேரிலிருந்து உதிர்த்துவிடுங்கள். கொஞ்சம் வேர் அறுந்தால் கவலைப்படாதீர்கள். நிழலில் மூன்று நாள் கிடந்தால் காயம் ஆறிவிடும். பட்டாணி அளவு செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, தூள் போகக் கழுவிய பருமணல் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கற்பொரி) அல்லது கழுவிய சிண்டர் (நிலக்கரி எரிந்து மிஞ்சிய கட்டி) ஒரு பங்கு, சலித்த மக்கிய உரம் ஒரு பங்கு. இந்தக் கலவையை, துளையுள்ள, மெருகு பூசாத மண்தொட்டியில் நிரப்புங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுன் இருக்கிறது. பீங்கான் கிண்ணத்துக்குக் கொடுத்த காசில் அங்கே நல்ல மண்தொட்டிகள் கிடைக்கும். மண்தொட்டியின் சுவரே ஈரத்தை வெளியேற்றும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். நட்டபின் ஒரு வாரம் சொட்டு நீரும் வேண்டாம். அதன்பிறகு, எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுத்து, அது உலர்ந்து வந்தால் மட்டும் காலையில் மண்ணில் படும்படி ஊற்றுங்கள். மழை தொட்டிமேல் அடிக்காமலும், மேற்கு வெயில் நேரே விழாமலும் ஒரு மெல்லிய நிழல்வலை கட்டிவிடுங்கள்.

நோயுற்ற எச்சிவேரியாவில் புள்ளியுள்ள இலைகளை அடியோடு பிய்த்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அதனோடு ஒட்டி நின்ற செடிகளுக்கு மட்டும் 50 சதவீதக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஒருமுறை, கையுறை போட்டுக்கொண்டு, நிழலில் வைத்துத் தெளியுங்கள். அதுவும் இலையில் நீலப் படிவை விடும், மெழுகுப் பூச்சையும் கொஞ்சம் கெடுக்கும். ஆகவே மற்றவற்றுக்கு வேண்டாம். ஏற்கெனவே விழுந்த தழும்பு எதுவும் மறையாது. அந்த இலை உதிரும்வரை அப்படியே இருக்கும். நடுவிலிருந்து வரும் புதிய இலை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

உப்பும் கருகலும் தக்கையும் கறிவேப்பிலைக்குத் தொற்றுவதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அடித்த கார்பென்டாசிம் பக்கத்திலிருந்த கறிவேப்பிலைமேலும் பட்டிருக்கும்; அந்த இலைகளைக் கிள்ளிக் குழம்பில் போடாமல், கவாத்து செய்து எறிந்துவிட்டுப் புதுத் துளிருக்குக் காத்திருங்கள். அடுத்த முறை எழுதும்போது, நோயுற்ற செடியின் இலையோடு அதன் வேரையும் தண்டின் அடியையும் கழுவிப் படம் எடுத்து அனுப்புங்கள். தண்டின் அடி கறுத்திருந்தால் கடிதத்துக்குக்கூடக் காத்திராமல், கறுப்புக்கு மேலே பச்சையாக இருக்கும் இடத்தில் தலையை வெட்டி, ஐந்து நாள் நிழலில் உலர்த்தி, மேலே சொன்ன கலவையில் ஊன்றிவிடுங்கள்.